பழைய லயத்து மரத்திலிருந்து ஒரு சிறுதொழில்: அசாம் கெலுகோர் வழிகாட்டி

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இருந்து இடிக்கப்பட்ட இடங்களைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. செம்பனை (எண்ணெய்ப் பனை) வரிசைகளுக்கு நடுவே திடீரென ஒரு சிறிய கோயில் தெரியும். அதன் பக்கத்தில் ஒரு பலா, இரண்டு தென்னை, வேலி ஓரமாகக் காடாகிப்போன கறிவேப்பிலை. அவற்றுக்கெல்லாம் மேலே, கிளைகள் தாழத் தொங்கியபடி ஒரு அசாம் கெலுகோர் மரம் நிற்கும். நாங்கள் குடியிருந்த வீடு போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுக்குப் பின்னால் இருந்த மரம் இன்னும் காய்க்கிறது. நான் தொழில் தொடங்கியது அந்த ஒரு மரத்தை வைத்துத்தான்.

1877-இல் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பிரேசில் நாட்டு விதையிலிருந்து வந்த கன்றுகள் அவை. நம் பாட்டன்மார் பால் வெட்டிய மரம் அப்படி இங்கே வந்தது. பின்னால் வந்த செம்பனை ஆப்பிரிக்க மரம். ஆனால் அசாம் கெலுகோர் யாரும் கப்பலில் கொண்டுவந்த மரமல்ல. தீபகற்ப மலேசியாவின் காட்டிலேயே வளர்வது. மங்குஸ்தீன் குடும்பத்தைச் சேர்ந்தது. பினாங்கில் உள்ள கெலுகோர் என்ற ஊருக்குப் பெயர் வந்ததே இந்த மரத்தினால்தான் என்று சொல்வார்கள். உரமும் மருந்தும் இல்லாமல், யாரும் கவனிக்காமல், இந்த மண்ணில் தானே காய்க்கும் மரம் நம் காலடியில் இருக்கிறது. அதன் பழத்தைத் துண்டாக்கிக் காயவைத்தால் அதுதான் கடையில் விற்கும் அசாம் கெப்பிங். அசாம் லக்சா என்ற நூடுல்ஸுக்கும், மலாய்க்காரர் வீட்டு மீன் குழம்பான அசாம் பெடாஸுக்கும், நம் வீட்டு மீன் குழம்புக்கும் புளிப்பைத் தருவது அதுவே.

இந்தத் தொழிலில் இறங்க நினைத்து என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது பாக்கெட்டைப் பற்றி. எந்த மெஷின் வாங்கலாம், என்ன பெயர் வைக்கலாம், லேபிள் எங்கே அச்சடிக்கலாம் என்று. என் அனுபவத்தில் இது தலைகீழான வரிசை. உங்கள் தொழிலின் முதலீடு மரம். அடுத்த முதலீடு, அந்த மரத்துக்குச் சொந்தக்காரரோடு நீங்கள் செய்துகொள்ளும் பேச்சு. மெஷினும் லேபிளும் அதற்குப் பிறகு வரட்டும். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: மரங்களை எண்ணுங்கள்

ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மரத்துக்கு ஒரு பக்கம். இடம், யாருடைய நிலம், மரத்தடி வரை மோட்டார் சைக்கிள் போகுமா, கடைசியாக எப்போது காய்த்தது என்று எழுதுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் மட்டும் போதாது. எந்த மரம் எந்த மாதம் பூத்தது, எந்த மாதம் பழம் திரண்டது என்ற குறிப்புதான் இரண்டாம் ஆண்டில் உங்களுக்குச் சோறு போடும். பத்து மைல் சுற்றளவில் இருக்கும் மரங்கள்கூட ஒரே நாளில் காய்ப்பதில்லை. மேட்டில் நிற்கும் மரமும் ஆற்றங்கரையில் நிற்கும் மரமும் முன்னே பின்னே வரும். இந்த முன்பின்னைத் தெரிந்து வைத்திருப்பவர் இரண்டு மாதம் வேலை பார்க்கலாம். தெரியாதவர் ஒரே வாரத்தில் மலைபோல் பழத்தைக் குவித்துவிட்டு, வெட்டி முடிக்க முடியாமல் அழுகவிடுவார்.

மரத்தை அடையாளம் காண்பது கடினமல்ல. இளந்தளிர் செந்நிறமாக இருக்கும். இலை நீண்டு பளபளப்பாக இருக்கும். பழம் சின்னப் பூசணிக்காய் போல, மேலிருந்து கீழாக வரிவரியாகப் பள்ளம் விழுந்து, முற்றும்போது பச்சையிலிருந்து மஞ்சளாகி ஆரஞ்சு நிறத்துக்கு வரும். அசாம் ஜாவா என்று மலாயில் சொல்வது நம் சாதாரணப் புளி. அசாம் கண்டிஸ் என்பது இதே குடும்பத்தில் வேறொரு மரம், பழம் சிறியது. வாடிக்கையாளர்கள் மூன்றையும் குழப்பிக்கொள்வார்கள். விற்கிறவருக்குக் குழப்பம் இருக்கக் கூடாது.

இன்னொன்று: எல்லா மரமும் காய்க்காது. இந்த இனத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நன்றாக வளர்ந்து, பூவும் பூத்து, ஒரு காயும் பிடிக்காத மரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதை வெட்டிவிடலாம் என்று சொந்தக்காரருக்கு யோசனையும் சொல்லாதீர்கள். அதன் பூவைத் தேடி வரும் பூச்சிகளுக்கு அது வேண்டும், நிழலுக்கு வரும் மனிதருக்கும் வேண்டும்.

முதல் ஆண்டில் பன்னிரண்டு காய்க்கும் மரங்கள் உங்கள் நோட்டில் ஏறினால், வீட்டளவில் தொடங்கத் தாராளமாகப் போதும்.

இரண்டாம் படி: மரத்துக்குச் சொந்தக்காரர் யார்?

லயம் இருந்த இடத்தில் உங்கள் பாட்டி நட்ட மரமாகவே இருக்கலாம். இன்று அந்த நிலம் தோட்ட நிறுவனத்துக்குச் சொந்தம், மரமும் அதோடு சேர்ந்தது. மனம் ஒப்புக்கொள்ளாது, எனக்கும் ஒப்பவில்லை. ஆனாலும் கேட்காமல் உள்ளே போனால் காவலாளியிடம் அவமானப்பட வேண்டிவரும், அதோடு அடுத்தவருக்கும் கதவு மூடிவிடும். அலுவலகத்துக்குப் போய், கிராணியை, அதாவது தோட்ட எழுத்தரை, பார்த்து, மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். எந்த இடத்து மரம், எந்த மாதங்களில், எத்தனை பேர் வருவீர்கள், கிளை வெட்ட மாட்டீர்கள், நெருப்பு மூட்ட மாட்டீர்கள் என்று எழுதுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். செம்பனைக்கு மருந்து அடிக்கும் நாள்களை எப்போதும் கேட்டு வையுங்கள். மருந்து அடித்த வரிசையை ஒட்டிய மரத்தில் அந்த வாரம் கை வைக்காதீர்கள்.

கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடுகளில் இருக்கும் மரங்களே எனக்குப் பெரும்பலம். பல மலாய்க்காரக் குடும்பங்களில் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். வயதான மக்சிக் (அம்மா வயதுப் பெண்ணை மலாயில் அப்படித்தான் அழைப்போம்) தனியாக இருக்கிறார். பழம் உதிர்ந்து வாசலில் கிடந்து ஈ மொய்க்கிறது. "பெருக்கிப் போடுவதற்கே எனக்கு இடுப்பு வலிக்கிறது, எடுத்துக்கொண்டு போ" என்று ஒருவர் சொன்னார். இலவசமாக எடுக்கவில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி, அவர் கண் முன்னே தராசில் நிறுத்து, அன்றே காசைக் கொடுத்தேன். காயவைத்ததில் ஒரு பாக்கெட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த ஒரு வீட்டிலிருந்து நான்கு வீட்டுக்கு வழி கிடைத்தது. கணக்கில் சுத்தமாக இருப்பதைவிடச் சிறந்த விளம்பரத்தை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

காட்டுக்குள் நிற்கும் மரத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வனக் காப்பகத்திலிருந்து எதை எடுத்தாலும் அதற்கு வன இலாகாவின் அனுமதி வேண்டும். 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம் பழத்தையும் வன விளைபொருளாகவே பார்க்கிறது. அதோடு, உலு சுங்கை சிப்புட் பக்கம் போனால் அது தெமியார் என்ற பூர்வகுடி மக்களின் வாழ்விடம். நமக்குக் காட்டு மரமாகத் தெரிவது அவர்களுக்கு இன்னாருடைய தாத்தா விட்டுச்சென்ற மரம். பழ மரங்கள் அவர்களிடம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருபவை. நாமாக ஏறிப் பறிப்பது திருட்டு. அவர்கள் பறித்துக் கொண்டுவந்தால் நல்ல விலை கொடுத்து வாங்குங்கள். இடைத்தரகர் கொடுக்கும் விலைக்கு மேல் கொடுங்கள். தோட்டத்தில் கங்காணி காலத்திலிருந்து நிறுவையில் ஏமாற்றப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே தராசை இன்னொருவர் முன் நாம் சாய்க்கக் கூடாது.

மூன்றாம் படி: பறிப்பது

நன்றாகப் பழுத்து உதிர்ந்ததைப் பொறுக்கிக் காயவைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உதிர்ந்த பழம் அடிபட்டிருக்கும், ஒரே இரவில் புளித்துப் பொங்கத் தொடங்கும், வெட்டினால் குழையும். நமக்கு வேண்டியது முற்றிய காய்: பச்சை வெளிறி மஞ்சள் தட்டத் தொடங்கும் பருவம். விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும்.

மரம் இருபது மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. ஏறாதீர்கள். மழை பெய்த மறுநாள் பட்டை வழுக்கும். நீண்ட மூங்கில் துரட்டியின் நுனியில் கத்தியோடு ஒரு வலைப்பையைக் கட்டிக்கொண்டால் ஒவ்வொன்றாக இறக்கலாம். கீழே இரண்டு பேர் பழைய வலையை விரித்துப் பிடித்துக்கொண்டால் வேலை வேகமாகும். கிளையோடு முறித்து இழுக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். முறித்த கிளை அடுத்த ஆண்டு உங்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காது.

மரத்தை மொட்டையடிக்காதீர்கள். எட்டாத உச்சியில் இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். அணிலும் குரங்கும் வௌவாலும் வந்து தின்னும், விதை எங்கோ போய் விழும். நாம் எண்ணிக்கொண்டிருக்கும் பழைய மரங்களில் எத்தனை அப்படி வந்தவை என்று யாருக்குத் தெரியும்?

நான்காம் படி: வெட்டுவதும் காயவைப்பதும்

தொழில் நிற்பதும் விழுவதும் இங்கேதான். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பறித்த அன்றே வெட்டுங்கள், முடியாவிட்டால் மறுநாள் காலை. அதற்கு மேல் தள்ளக் கூடாது. வெட்ட முடிந்த அளவுதான் பறிக்க வேண்டும். பழத்தைக் கழுவி, ஈரம் வடியவிட்டு, காம்பை நீக்குங்கள். கத்தி துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். பழைய இரும்புக் கத்தியைப் போட்டால் பத்தே நிமிடத்தில் கத்தி கறுக்கும், அந்தக் கறுப்பு துண்டில் ஏறும். அலுமினியத் தட்டும் கூடாது. இந்தப் பழத்தின் அமிலம் உலோகத்தைத் தின்னும். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். விரலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் முதல் பழத்திலேயே தெரிந்துவிடும்.

பழத்தைப் படுக்கவைத்துக் குறுக்கே வெட்டினால், ஓரம் முழுக்க வளைவு வளைவாக, பூப்போல ஒரு வில்லை வரும். நடுவே விதையும் அதைச் சுற்றிய சதையும் இருக்கும். அதை நீக்கிவிடுங்கள். விதையைத் தனியே ஒரு வாளியில் போடுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. துண்டின் கனம் இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர். ஒரே கனமாக இருப்பது முக்கியம். தடித்ததும் மெல்லியதும் ஒரே தட்டில் கலந்தால் மெல்லியது நொறுங்கும்போது தடித்தது உள்ளே ஈரமாகவே இருக்கும். அந்த ஒரு தடித்த துண்டு போதும், பாக்கெட் முழுவதும் பூசணம் பிடிக்க.

பேராக்கில் பிற்பகல் வெயிலை நம்பி எதையும் செய்ய முடியாது. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மூன்று மணிக்கு மேல் வானம் இருட்டிவிடும். அதனால் காலை எட்டு மணிக்குத் தட்டு வெயிலில் இருக்க வேண்டும். தட்டை இடுப்பளவு உயரத்தில் சட்டம் கட்டி வையுங்கள். தரையில் பாய் விரித்துக் காயவைக்கிற காலம் போகட்டும். கோழி, நாய், லோரி கிளப்பும் புழுதி எல்லாம் வாடிக்கையாளர் வயிற்றுக்குப் போகும். சட்டத்தின் மேல் நைலான் வலை, அதற்கு மேலே வளைவாகத் தெளிந்த பிளாஸ்டிக் கூரை, இரு முனைகளும் திறப்பு. வெப்பம் உள்ளே சேரும், ஈரக்காற்று வெளியே போகும், மழை வந்தாலும் ஓடி வந்து அள்ள வேண்டியதில்லை. கெட்டியான மரச்சட்டத்தில் நாமே கட்டிவிடலாம். புகைமூட்டம் வரும் மாதங்களில் வெளியே எதையும் வைக்காதீர்கள். ஒருமுறை வெள்ளைத் துணியால் துண்டைத் துடைத்துப் பார்த்தேன், துணியில் சாம்பல் ஒட்டியது. அந்தத் தட்டு முழுவதையும் எருக்குழியில் கொட்டினேன்.

நல்ல வெயில் என்றால் இரண்டு அல்லது மூன்று நாள். நாளுக்கு மூன்று முறை திருப்பிப் போட வேண்டும். முதல் நாள் மாலையில் வெளிர்மஞ்சள் துண்டு பழுப்பாகி ஓரம் சுருளும். இரண்டாம் நாள் கரும்பழுப்பு. இரவில் வீட்டுக்குள் எடுத்து, மூடாமல் விசிறிக்குக் கீழே பரப்பி வையுங்கள். இதை நான் கற்ற விதம் வேதனையானது. முதல் ஆண்டில் மூன்று நாள் தொடர் மழை. அரைகுறையாகக் காய்ந்த பதினெட்டுக் கிலோ துண்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தகரக் கூரையின் கீழ் வைத்துவிட்டேன். நான்காம் நாள் பையைப் பிரித்தபோது கள்ளுக்கடை வாசனை. துண்டுகளின் மேல் பஞ்சுபோல வெள்ளை. அத்தனையும் போனது. மழை பிடித்துக்கொண்டால் மூடி வைப்பதைவிடத் திறந்து பரப்பி வைப்பதே மேல். கையில் காசு சேர்ந்த பிறகு ஐம்பது முதல் அறுபது டிகிரி வெப்பத்தில் ஓடும் சிறிய மின் உலர்த்தி ஒன்று வாங்கலாம். வெயில் காயவைக்கும், உலர்த்தி மழை நாளில் காப்பாற்றும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை. துண்டை மடித்தால் தோல்போல வளைய வேண்டும், மடிப்பில் ஈரம் கசியக் கூடாது. பிறகு ஒரு கைப்பிடித் துண்டைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு இறுக மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் கண்ணாடியின் உட்புறம் பனித்திருந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். பனிக்காவிட்டால் பாக்கெட் போடலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் ஒரு பாக்கெட்டையும் வெளியே அனுப்புவதில்லை.

நிறம் அழகாக வர வேண்டும் என்று மருந்துப் பொடி தூவச் சொல்லி வருபவர்கள் உண்டு. அனுப்பிவிடுங்கள். நன்றாகக் காய்ந்த அசாம் கறுப்பாகத்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: பதிவும் அனுமதியும்

இதில் பயப்பட ஒன்றுமில்லை, வரிசையாகச் செய்தால் முடிந்துவிடும். தொழில் தொடங்கிய முப்பது நாளுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில், அதாவது எஸ்.எஸ்.எம்.மில், பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், தொழிலுக்குத் தனிப்பெயர் வைத்தால் 60 ரிங்கிட். உணவைக் கையாளும் எல்லோரும் சுகாதார அமைச்சு அங்கீகரித்த பயிற்சி மையத்தில் உணவுக் கையாள்வோர் பயிற்சிக்குப் போக வேண்டும். டைபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள் இவற்றைக் கேட்கின்றன. உணவு தயாரிக்கும் இடத்தையும் அமைச்சின் ஃபோசிம் இணையப் பதிவில் சேர்க்க வேண்டும். பெரிய கடைகளுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அமைச்சின் மெஸ்டி என்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தினமும் எழுதும் துப்புரவுப் பதிவேடு, சான்றிதழ் கிடைக்காவிட்டாலும் உங்கள் தரத்தை உயர்த்தும்.

லேபிள் மலாய் மொழியில் இருக்க வேண்டும். பொருளின் பெயர், சேர்மானம், நிகர எடை, உங்கள் பெயரும் முகவரியும், பயன்படுத்த வேண்டிய கடைசி நாள். தமிழையும் சேர்த்துப் போடுங்கள், நம் தாய்மார்கள் படித்துச் சந்தோஷப்படுவார்கள்.

"உடல் எடை குறையும்" என்று மட்டும் போடாதீர்கள். இந்தக் குடும்பத்துப் பழங்களின் தோலில் ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம் இருப்பதை வைத்து உலகம் முழுவதும் மாத்திரை வியாபாரம் நடக்கிறது. நம் குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மீனுக்குப் போடும் குடம்புளியின் சாற்று மாத்திரைகளைத் தின்று கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவப் பதிவுகள் உள்ளன. குழம்பில் மூன்று துண்டு போடுவது வேறு, சாற்றை அடர்த்தியாக்கி விழுங்குவது வேறு. நாம் விற்பது சமையல் பொருள்.

ஆறாம் படி: கணக்கு

நம்மவர் சிறுதொழில்கள் பல கவிழ்வதற்குக் காரணம், சொந்த உழைப்புக்குக் கூலி போடாததுதான். 2025 முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட், மணிக்குக் கணக்கிட்டால் 8.72 ரிங்கிட். உங்கள் மணி நேரத்துக்கும் அதே விலையைப் போடுங்கள்.

ஓர் உதாரணக் கணக்கு. எண்கள் உங்கள் ஊரில் மாறும், முறை மாறாது. ஒரு கிலோ காய்ந்த துண்டுக்குச் சுமார் பத்துக் கிலோ பழம் என்று வைத்துக்கொள்வோம். முதல் தட்டிலேயே நிறுத்துப் பார்த்து உங்கள் சொந்த விகிதத்தை எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது கிலோ பழம், கிலோ 1.50 ரிங்கிட் வீதம், 60 ரிங்கிட். கழுவி வெட்ட ஐந்து மணி நேரம், மூன்று நாளில் திருப்பிப் போட்டு அள்ள மூன்று மணி நேரம், நிறுத்துப் பாக்கெட் போட இரண்டு மணி நேரம், ஆகப் பத்து மணி நேரத்துக்கு 87.20. நூறு கிராம் வீதம் நாற்பது பாக்கெட், பையும் லேபிளும் சேர்த்து ஒன்றுக்கு ஐம்பது காசு, 20 ரிங்கிட். பெட்ரோலுக்கு 12.80. மொத்தம் 180. ஒரு பாக்கெட்டின் அடக்கம் 4.50.

இந்த எண்ணைப் பார்த்ததும் மனம் தளரும். மொத்தக் கடையில் மூட்டையில் இருக்கும் அசாம் இதைவிட மலிவாகக் கிடைக்கும். ஆகவே மூட்டையோடு போட்டி போடக் கூடாது. எங்கே குறைக்கலாம் என்று பாருங்கள்: வெட்டும் ஐந்து மணி நேரத்தை, கையால் சுற்றும் துண்டாக்கும் கருவியால் இரண்டு மணி நேரமாக்கினால் அடக்கம் 3.85-க்கு வருகிறது. மெஷின் வாங்கலாமா என்று கேட்பதற்கு உரிய நேரம் இதுதான். எந்த மணி நேரம் காசைத் தின்கிறது என்று நோட்டு சொன்ன பிறகு.

முதல் ஆண்டில் கடன் வாங்காதீர்கள். இந்தியத் தொழில்முனைவோருக்கு, சிறுதொழில் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலில் ஸ்பூமி என்ற கடனுதவித் திட்டம் இருக்கிறது, நல்லதுதான். ஒரு பருவக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போனால், எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும் என்று உங்களாலேயே சொல்ல முடியும்.

இங்கே ஒரு நினைவூட்டல். சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். மாதம் பத்து வெள்ளி (அன்றைய டாலர்) கொடுத்துத் தோட்டத் தொழிலாளர்களே தோட்டங்களை வாங்கினார்கள். ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் உலர்த்தி வாங்குவது அதைவிடச் சின்ன காரியம். ஆனால் யார் எத்தனை கிலோ கொண்டுவந்தார், யார் எத்தனை மணி நேரம் வெட்டினார் என்பதை எல்லோரும் பார்க்கும் சுவரில் எழுதி வையுங்கள். கூட்டாளிகளுக்கு நடுவே நினைவை நம்பக் கூடாது.

ஏழாம் படி: விற்பது

மளிகைக் கடைகளுக்குத்தான் முதலில் போனேன். ஒரு கடையில், விற்றால் காசு என்று சொல்லி அறுபது பாக்கெட் வாங்கி வைத்தார்கள். நான்கு மாதம் கழித்து ஐம்பத்திரண்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், வெயில் விழும் கண்ணாடி ஓரத்தில் கிடந்து லேபிள் வெளுத்துப்போயிருந்தது. கடைக்குப் பத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரில் போய் அடுக்கிவிட்டு வாருங்கள்.

அசாம் எங்கே விற்கும் என்று எனக்குப் புரிய வைத்தவர் ஒரு மீன்காரர். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு தோட்டங்களுக்கும் தாமான் என்ற குடியிருப்புப் பகுதிகளுக்கும் போகிறவர். "அண்ணே, என் பாக்கெட் பத்தை உங்கள் பெட்டி ஓரத்தில் தொங்கவிட முடியுமா?" என்று கேட்டேன். "கொடு தங்கச்சி, கெம்போங் மீன் வாங்குகிறவர்கள் எப்படியும் புளி இருக்கிறதா என்று கேட்கிறார்கள்" என்றார். அன்று மத்தியானத்துக்குள் பத்தும் போய்விட்டன. மீன் இருக்கும் இடத்தில் அசாம் இருக்க வேண்டும். ஈரச் சந்தையில் மீன் மேசைக்குப் பக்கத்தில், இரவுச் சந்தையில் மீன் வியாபாரியின் அருகில், விவசாயச் சந்தை வாரியமான ஃபாமா நடத்தும் பசார் தானி என்ற உழவர் சந்தையில் என்று இடம் பாருங்கள்.

நம் பெண்களுக்கு ஒரு சின்ன விளக்கம் தேவைப்படும். புளியைக் கரைத்து ஊற்றினால் குழம்பு கெட்டியாகும், நிறமும் மாறும். அசாம் துண்டு புளிப்பை மட்டும் தரும், குழம்பு தெளிவாக இருக்கும். ஒரு கிலோ மீனுக்கு மூன்று அல்லது நான்கு துண்டு, கழுவி, குழம்பு கொதிக்கும்போது போட்டு, புளிப்பு போதும் என்றதும் எடுத்துவிடலாம். கருவாட்டுக் குழம்புக்கும் நண்டுக்கும் மிகப் பொருத்தம். இதைச் சின்ன அட்டையில் தமிழிலும் மலாயிலும் அச்சடித்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் வைக்கிறேன். பழம் வந்த கம்பத்தின் பெயரையும் பறித்த மாதத்தையும் அதிலேயே எழுதுகிறேன். மூட்டை அசாமைவிட ஒரு ரிங்கிட் கூடக் கொடுத்து வாங்குகிறவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள்.

ஊறுகாய், சர்க்கரைப் பாகில் போட்ட மிட்டாய், சாறு எல்லாம் செய்யலாம். இரண்டு பருவம் துண்டை ஒழுங்காகக் காயவைத்த பிறகு யோசியுங்கள்.

எட்டாம் படி: கன்று

வெட்டும்போது வாளியில் போட்ட விதைகளை மறக்காதீர்கள். இவை காயவைத்துச் சேமிக்கக்கூடிய விதைகள் அல்ல, உலர்ந்தால் உயிர் போய்விடும். அன்றே சதையைக் கழுவி, நிழலில், ஈரமான மணலும் மக்கிய இலையும் கலந்த தொட்டியில் ஊன்றுங்கள். முளைக்க மாதக்கணக்காகும். ஒன்றும் வரவில்லை என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். என் தொட்டியை அப்படிக் கவிழ்க்க இருந்த நாளில்தான், ஒரு மூலையில் செந்நிறத் தளிர் தலை காட்டியது.

விதைக்கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும், பாதி ஆண் மரமாகவும் போகலாம். அதனால் நன்றாகக் காய்க்கும் பெண் மரத்தின் கிளை நுனியை எடுத்து விதைக்கன்றில் ஒட்டுக்கட்டக் கற்றுக்கொள்ளுங்கள். மாவட்ட விவசாய இலாகாவில் கேட்டால் செய்து காட்டுவார்கள். ஒட்டுக்கன்று சீக்கிரம் காய்க்கும், தாய் மரத்தின் குணமும் அப்படியே வரும். கிளையை எடுக்கும் முன் அந்த மரத்துச் சொந்தக்காரரிடம் கேளுங்கள். முதல் கன்றை அவருக்கே கொடுங்கள்.

எங்கள் பழைய லயத்து மரத்திலிருந்து எடுத்து ஒட்டிய கன்றுகள் ஏழு பிழைத்திருக்கின்றன. இரண்டு மக்சிக் வீட்டு வேலியோரத்தில், ஒன்று மீன்காரர் வீட்டில், ஒன்று கோயில் பின்புறத்தில். மற்ற மூன்றும் இன்னும் பையில் நிற்கின்றன. மழைக்காலம் தொடங்கியதும் தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்டிருக்கும் ஆற்றோரத்தில் நட வேண்டும்.